கடிதத்தின் அடியில் ஒரு எண்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று முப்பத்தெட்டு கடிதங்கள். குழாய் உடைப்பு ஏழு, கலங்கல் தண்ணீர் பதினொன்று, மீதியெல்லாம் ‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்’ வகை.

புதிதாக வந்திருக்கும் கண்காணிப்பாளர் என் மேசைக்கு வந்து, வரைவின் அடியில் வட்டம் போட்டு ஒரு எண் எழுதுகிறீர்களே, அது என்ன என்று கேட்டார். குடிநீர் அலுவலகத்தின் கடிதப் பிரிவுக்கு நான் வந்து இருபத்து நான்கு வருடம். இதுவரை யாரும் கேட்டதில்லை. உற்சாகமாகச் சொன்னேன். நான் கையால் வரைவு எழுதுவேன், அக்கா தட்டச்சு செய்வார். (அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் அக்கா. என்னைவிட நான்கு வயது சின்னவர் என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை, நானும்தான்.) கடிதத்தின் முடிப்பை ஒவ்வொரு தடவையும் முழுதாக எழுதினால் கை ஓய்ந்துவிடும். அதனால் எண். 1 என்றால் வெறும் ‘இப்படிக்கு’. 2, ‘தங்கள் உண்மையுள்ள’. 3, ‘மரியாதையுடன்’. 4, ‘நன்றியுடன்’. 5, ‘அன்புடன்’. ஐந்து அநேகமாக வராது. யாராவது ஓய்வு பெற்றால் விழா அழைப்பிதழில் போடுவோம்.

“எல்லாத்துக்கும் ரெண்டே போட்டுட்டா வேலை முடிஞ்சுதே” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மனிதருக்கு ‘இயலாது’ என்று எழுதிவிட்டு அடியில் ‘நன்றியுடன்’ என்று போட்டால் அவர் என்ன நினைப்பார்? எதற்கு நன்றி, ஏமாந்ததற்கா? இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. சிரித்து வைத்தேன்.

வீட்டில் வாலுவுக்குக் காய்ச்சல். பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதினேன். ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’, கையெழுத்து, அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ‘பாதுகாவலர்’. அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற வண்டிகளின் எண்ணைக் குறித்துக்கொள்ளும் ஆள் மாதிரி ஒரு நினைப்பு வரும். வேறு என்ன போடுவது? அவளுடைய அப்பா நன்றாக இருக்கிறார், நாலு மணி நேர பஸ் தூரத்தில்.

இவளை, அதாவது வாலுவின் அம்மாவை, நான் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகிறது. வாலு என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மரியாதைக் குறைவு கிடையாது, வாங்க போங்கதான். ஆனால் கூப்பிட மாட்டாள். நான் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து பேசுவாள். விளிப்பு இல்லாத கடிதம்.

பிப்ரவரி 5, வியாழன்

காய்ச்சல் விட்டது. ரொட்டி வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டாள். நான் போய் வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

மூக்குக் கண்ணாடிக் கடையிலிருந்து இவள் சீக்கிரமே வந்துவிட்டாள். தேநீர் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். நாள் முழுக்க அடுத்தவர்களை எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லும் உத்தியோகம். ஏதாவது முக்கியமாகப் பேச வேண்டுமென்றால் என் கண்ணையும் அப்படித்தான் பார்ப்பாள்.

விஷயம் இது. வாலுவின் அப்பா இருக்கும் ஊரில் விளையாட்டு விடுதிப் பள்ளி ஒன்று இருக்கிறது. ஓடுதளம், மணல் குழி, நீளம் தாண்டுதலுக்கென்றே ஒரு பயிற்சியாளர். இங்கே அவள் தாண்டுவது பூங்காவில், ஊஞ்சலுக்குப் பக்கத்து மணலில். ஜூனில் அங்கே சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். இரண்டு வருடம் அங்கேயே தங்கிப் படிப்பு. தாண்டும் அளவைப் பார்ப்பார்களாம். அதோடு வீட்டிலிருந்து ஒரு கடிதம். மாணவி வசிக்கும் வீட்டுப் பெரியவர் ஒருவர் தன் கையால் எழுத வேண்டும்: இவள் எப்படிப்பட்ட பெண், எதற்காக அனுப்புகிறீர்கள் என்று. போன வருடம் நன்றாகத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு, வீட்டில் கடமைக்கு நாலு வரி கிறுக்கி அனுப்பியதால் இடம் போய்விட்டதாம். தபாலில் சேர்க்க மார்ச் பத்தாம் தேதி கடைசி.

“நான் எழுதினா ‘ப்ளீஸ் சேத்துக்கோங்க’னு ரெண்டு வரியில முடிஞ்சிடும். கடுதாசி உங்க டிபார்ட்மெண்ட்” என்றாள்.

நல்லது என்றேன். நல்லதுதான். அவளுக்கு அங்கே சரியான மணல் குழி கிடைக்கும், அப்பாவும் பக்கத்தில் இருப்பார். யோசிக்க இதில் என்ன இருக்கிறது?

இப்பத்தான் அந்தப் புள்ள என் முன்னாடி சத்தமா கொட்டாவி விட ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு வருஷம் ஆச்சு அதுக்கே. போன வாரம் என் செருப்பைப் போட்டுக்கிட்டு கடைக்குப் போனா, கேக்காமலே. அன்னிக்கு பூரா நான் எவ்வளவு சந்தோஷமா இருந்தேன்னு இவளுக்குக்கூடத் தெரியாது. இப்பப் போய் — அதுவும் என் கையாலயே எழுதி —

போதும்.

பிப்ரவரி 13, வெள்ளி

இருபத்தொரு கடிதங்கள். எதை எழுதினேன், எதற்கு எண் போட்டேன், எதுவும் மனதில் நிற்கவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

மானம் கப்பலேறிவிட்டது.

காலை பதினொரு மணிக்கு ஒரு சலூன்காரர் வந்தார். கடை வாசலில் தண்ணீர் மீட்டர் பெட்டி நீட்டிக்கொண்டிருக்கிறது, வருகிற வாடிக்கையாளர் எல்லாம் தடுக்கி விழுகிறார்கள், மாற்றி வையுங்கள் என்று மூன்று வருடமாக எழுதி வருபவர். மூன்று வருடமாக நாங்களும் ‘விதிகளின்படி இயலாது’ என்று எழுதி வருகிறோம். வெள்ளிக்கிழமை நான்காவது மறுப்பு போயிருக்கிறது. அதை அவர் கண்காணிப்பாளரின் மேசையில் விரித்து வைத்தார்.

‘தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாது எனத் தெரிவித்துக்கொள்கிறேன். அன்புடன், உதவிப் பொறியாளர் (2).’

சலூன்காரர் கோபமாக வரவில்லை. அதுதான் இன்னும் மோசம். கண் கலங்கியிருந்தார். “மூணு வருஷத்துல இப்பத்தாங்க ஒரு மனுஷன் எழுதின மாதிரி பதில் வந்திருக்கு. எழுதினது யாருன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார். நகலெடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாராம்.

அவர் போனபிறகு விசாரணை. அக்கா வரைவைத் தேடி எடுத்து நீட்டினார். அச்சுக் குத்தின மாதிரி ஐந்து. வட்டம்கூட அழகாக இருந்தது.

“நீங்க அஞ்சு போட்டீங்க, நான் அஞ்சு அடிச்சேன். அன்பு வேணுமா வேணாமான்னு முடிவு பண்ண நான் யாரு?” என்றார் அக்கா.

கையெழுத்துப் போட்ட பொறியாளர் படிக்காமலே போட்டிருக்கிறார், அதனால் அவரும் வாயைத் திறக்கவில்லை. கண்காணிப்பாளர் மட்டும், “எல்லாத்துக்கும் ரெண்டே போடுங்கன்னு அன்னைக்கே சொன்னேன்” என்றார். என் வாழ்நாளில் முதல் தடவையாக முடிப்பில் தவறு செய்திருக்கிறேன்.

சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். இவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்தது வாலு. தண்ணீர் புரையேறி, மேசையைத் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “அன்புடனா? மீட்டர் பெட்டிக்கா?” என்று மறுபடி மறுபடி. பிறகு எண்களையெல்லாம் வரிசையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

“பொறியாளருக்குப் பக்கத்துல ரெண்டுன்னு போட்டிருக்கே, அது எந்த முடிப்பு?”

“அது முடிப்பு இல்லம்மா. எங்க ஆபீஸ்ல உதவிப் பொறியாளர் ரெண்டு பேர். முதல்ல வந்து சேந்தவர் ஒண்ணு, அப்புறம் வந்தவர் ரெண்டு.”

“ரெண்டாவது ஆளுக்குக் கோவம் வராதா?”

“எதுக்கு? பதவி ஒண்ணுதான், அதிகாரமும் சமம். நாற்காலி மட்டும்தான் வேற.”

தலையை ஆட்டினாள். என்னோடு இவ்வளவு நேரம் பேசியது இதுதான் முதல்முறை. மானம் கப்பலேறினால் ஏறட்டும்.

பிப்ரவரி 18, புதன்

சாப்பாட்டு மேசைமேல் வாலுவின் சீட்டு ஒன்று. மீட்டர் அளவுப் படிவத்தின் பின்பக்கத்தில் பென்சிலால்: ‘மாலை பயிற்சி. வர ஆறு ஆகும்.’ அடியில் வட்டம் போட்டு 1.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஒரு வாரமாக இதே கூத்து. ‘சைக்கிள் பெல் சரி பண்ணினது யார்? 4.’ ‘என் பென்சிலை எடுத்தது யார்? 1.’ ‘நாளைக்குக் கணக்குப் பரீட்சை, டிவி சத்தம் குறைக்கவும். 3.’ நானும் பதில் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் 2 போடுகிறேன். ஐந்து போடக் கை வருமா? கேட்காமல் போடக்கூடிய எண்ணா அது.

இன்று இவளும் ஒரு சீட்டு வைத்திருந்தாள்: ‘துணியை யாராவது காயப் போடவும். 9.’

“ஒன்பதுன்னு ஒண்ணு கிடையாதே” என்றேன்.

“இருக்கு. கடுப்புடன்.”

மூன்று பேருமாகத் துணி காயப் போட்டோம். நன்றாக இருந்தது.

மார்ச் 1, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு. வாலுவின் அப்பா வந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக். இவரும் இவளும் பிரிந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது பார்த்தால் பழைய சக ஊழியர்கள் போலப் பேசிக்கொள்கிறார்கள். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று முதல் ஒரு வருடம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. நல்ல மனிதர், என் போதாத காலம்.

கிளம்பும்போது படிக்கட்டில் நின்றார். “லெட்டர் எழுதிட்டீங்களா சார்?”

“இன்னும் இல்ல. நீங்க எழுதினா என்ன?”

“அவ இருக்கிற வீட்டுலேருந்துதானே கேக்கிறாங்க. நான் எழுதினாலும் ‘லிஃப்ட் பழுது, படியில் செல்லவும்’னுதான் வரும்.” சிரித்துவிட்டு, கைப்பிடிச் சுவரை விரலால் தட்டிக்கொண்டே சொன்னார்: “அவ எங்க ஊருக்கு வர்றதுல எனக்குச் சந்தோஷம்தான் சார், மறைக்க மாட்டேன். உங்களுக்கு எப்படி இருக்கும்னும் தெரியும். நானும் ஒருதடவை அனுப்பிட்டு நின்னவன்தானே.”

பஸ் நிறுத்தம்வரை கூடப் போய்விட்டு வந்தேன்.

மார்ச் 4, புதன்

எழுதிவிட்டேன்.

‘மேற்படி மாணவி நன்னடத்தை உடையவர். விளையாட்டில் மிகுந்த ஆர்வம் கொண்டவர். தங்கள் மேலான பரிசீலனைக்கு உட்படுத்தி ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

ஒரு பிழை சொல்ல முடியாது. இவளிடம் காட்டினால் “நல்லா கவர்மெண்ட் மாதிரி இருக்கு” என்பாள். ஆனால் எனக்குத் தெரியும். அடித்தட்டில் தூங்குகிற கடிதம் எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? இதை ஒருவர்கூட இரண்டாம் தடவை படிக்க மாட்டார். வாலு இங்கேயே இருப்பாள். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

தெரிஞ்சேதான் எழுதினேனா? ஆமா. தெரிஞ்சேதான்.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் கதவருகே நின்றாள். நான் திரும்பிப் பார்க்கும்வரை நின்றுவிட்டு, “டேப் பிடிக்க ஆள் வேணும்” என்றாள்.

பூங்காவுக்குப் போனோம். ஊஞ்சல்கள் காலி. பதினாறு காலடி எண்ணி வைத்துத் தூரத்தில் போய் நின்றாள். ஓடி வந்தாள். மிதித்து எழும்பும் பலகைக்குப் பதில் ஒரு செங்கல் பதித்து வைத்திருக்கிறாள். அதை மிதித்து மேலே எழும்பியபோது நான் டேப்பைக் கீழே விட்டுவிட்டேன். வீட்டில் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து நகம் கடிக்கிற பெண்ணா இது?

நான்கு மீட்டர் அறுபத்தொன்று. அடுத்தது ஐம்பத்தெட்டு. அதற்கு அடுத்தது எழுபது. அந்த எழுபதுக்கு, குதிக்கவில்லை, கத்தவில்லை. காலடி பட்ட இடத்தையெல்லாம் பாதத்தால் தள்ளிச் சமப்படுத்தினாள். “எதுக்கு?” என்று கேட்டேன். “சின்னப் பசங்க வருவாங்க. குழியில கால் மடங்கிடும்” என்றாள்.

வீட்டுக்கு வந்து, புதன்கிழமை எழுதியதை இந்த நாட்குறிப்பின் பின் அட்டைக்குள் செருகினேன். வேறு தாளில் எழுத ஆரம்பித்தேன். மூன்று பக்கம் வந்தது. மணலைச் சமப்படுத்துவதை எழுதினேன். தோற்றுவிட்டால் ஒரு மணி நேரம் யாரோடும் பேச மாட்டாள், அந்த ஒரு மணி நேரத்தை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள், முடிந்ததும் தானே வந்து சாப்பாடு கேட்பாள் என்று எழுதினேன். இடது காலுறை எப்போதும் கட்டை விரலில்தான் கிழியும், புதிது வாங்கச் சொல்ல மாட்டாள், கவனித்துக் கேட்க வேண்டும் என்று எழுதினேன். எங்கள் ஊரில் அவளுக்கு ஒரு செங்கல்தான் இருக்கிறது, அதற்கு மேல் எங்களால் கொடுக்க முடியவில்லை, அதனால் அனுப்புகிறோம் என்று எழுதினேன். இருபத்து நான்கு வருடத்தில் இப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை. ‘தெரிவித்துக்கொள்கிறேன்’ ஒரு இடத்தில்கூட வரவில்லை.

கடைசிப் பக்கத்தில் வந்து நின்றது கை. முடிப்பு ‘தங்கள் உண்மையுள்ள’, அதில் சிக்கல் இல்லை. கையெழுத்துக்குக் கீழே என்ன உறவு? அவளிடமே கேட்டேன்.

புத்தகத்திலிருந்து நிமிரவில்லை. “வழக்கமா போடுறதைப் போடுங்க” என்றாள்.

பாதுகாவலர் என்று போட்டேன்.

மார்ச் 9, திங்கள்

பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. ரசீது சட்டைப் பையில்.

ஏப்ரல் 2, வியாழன்

ஒரு தமாஷ். உதவிப் பொறியாளர் (2) போன வாரம் முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். வழக்கமான கடை பூட்டியிருந்ததால் எதிரில் இருந்த சலூனில் நுழைந்திருக்கிறார். வாசலில் மீட்டர் பெட்டியில் தடுக்கி, உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, நிமிர்ந்தால் கண்ணாடியில் தன்னுடைய கையெழுத்து, ‘அன்புடன்’ என்று. தலை சலூன்காரரின் கையில், கழுத்தில் கத்தி. ஓடவா முடியும்? இன்று பெட்டியை நகர்த்தி வைக்க உத்தரவு போட்டாயிற்று. விதி எண் பன்னிரண்டில் இடம் இருக்கிறதாம், இத்தனை நாள் யாரும் படிக்கவில்லை.

அக்கா கேட்டார்: “அப்போ இனிமே மறுப்புக்கெல்லாம் அஞ்சே போடலாமா?” கண்காணிப்பாளர் காதில் விழாதது போலப் போய்விட்டார்.

ஏப்ரல் 20, திங்கள்

இடம் கிடைத்துவிட்டது.

நான்தான் உறையைப் பிரித்தேன். ‘மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்’ வரை படித்ததும் வாலு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். கூடத்தில் நின்ற இடத்திலிருந்தே தாண்டினாள், பூந்தொட்டி போயிற்று. இவள் அழுதாள். எனக்கும் சந்தோஷம், பொய் சொல்லவில்லை, நிஜமான சந்தோஷம். கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்து வைத்திருந்ததையே மறுபடி தேய்த்தேன் என்று இவள் பிறகு சொன்னாள்.

மே 3, ஞாயிறு

லிஃப்ட்காரர் வந்துபோனார். அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியர் அவரிடம் நான் எழுதிய கடிதத்தைப் பற்றிப் பேசினாராம். பயிற்சியாளருக்கும் படிக்கக் கொடுத்தார்களாம். இத்தனை கடிதங்களில் இப்படி ஒன்று வந்தது இதுதான் முதல் தடவை என்றார்களாம். அதை அவர் எல்லார் முன்னாலும் பெருமையாகச் சொன்னார். நானும் வெட்கத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன். வாலு பாதியிலேயே எழுந்து போய்விட்டாள்.

மே 6, புதன்

மூன்று நாளாகச் சீட்டு இல்லை. இன்று ஒன்று இருந்தது. ‘பெட்டி வாங்கப் போகணும்.’ அடியில் எண் இல்லை. வெறும் தாள். 1 கூட இல்லை.

நான் என்ன தப்பு செய்தேன்?

மே 9, சனி

பெட்டிக் கடைக்குப் போனோம். நீலம் வேண்டாம், சிவப்பு வேண்டாம், எதுவும் வேண்டாம். திரும்பும் வழியில் நடைபாதையில் நின்றுவிட்டாள்.

“ஒண்ணு கேக்கலாமா?”

“கேளும்மா.”

“அவ்வளவு நல்லா எழுதணும்னு என்ன அவசரம்? என்னை அனுப்பிடணும்னு அவ்வளவு ஆசையா?”

நடுத்தெருவில், பேருந்து போகிற சத்தத்தில், அவள் உதடு துடிக்கிறது. நான் அப்படியே நிற்கிறேன். ஊருக்கெல்லாம் பதில் எழுதுகிறவன். ஒரு வார்த்தை வரலை.

வீட்டுக்கு வந்ததும் இந்த நாட்குறிப்பின் பின் அட்டையிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

“இதுதான் நான் முதல்ல எழுதினது. அனுப்பல.”

நின்றபடியே படித்தாள். “இது ரொம்ப மொக்கையா இருக்கே.”

“ஆமா.”

“‘ஆவன செய்யுமாறு’... இதை அனுப்பியிருந்தா எனக்கு சீட்டே கிடைச்சிருக்காது.”

“ஆமா. அதுக்குத்தான் அப்படி எழுதினேன்.”

புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முகம் சிவந்தது. “அப்போ வேணும்னே —”

“வேணும்னேதான். நீ போகக் கூடாதுன்னு இருந்துச்சு. அப்புறம் அன்னைக்கு நீ எழுபது தாண்டினே. அதைப் பாத்துட்டு எப்படிம்மா இதை அனுப்புவேன்?”

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தேன். தாளை நான்காக மடித்துத் தன் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். திருப்பித் தரவில்லை. கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

மே 10, ஞாயிறு

சீட்டு: ‘நீலப் பெட்டியே போதும். 4.’

ஜூன் 1, திங்கள்

கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். விடுதி அறையில் நான்கு கட்டில், ஜன்னல் பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் வழியே மணல் குழி தெரிகிறது, நிஜமான குழி, வெள்ளைப் பலகையோடு. லிஃப்ட்காரர் நேராக வேலையிலிருந்து வந்திருந்தார், கையில் கிரீஸ். கட்டிலின் ஆடுகிற காலை அவர் திருகி முடுக்கினார், நான் பெட்டியில் பெயர் எழுதினேன். ஆளுக்கு ஒரு வேலை இருந்தது நல்லதாகப் போயிற்று.

பெட்டியின் அடியில், புதுக் காலுறைகளுக்கு நடுவில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் பஸ்களின் நேரம். அடியில் வட்டம் போட்டு எண் எழுதினேன். ஐந்து போட்டேன். இந்தத் தடவை கவனக்குறைவு இல்லை.

பஸ்ஸில் இவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஜூன் 11, வியாழன்

வீடு நன்றாகத்தான் இருக்கிறது. பென்சில் வைத்த இடத்திலேயே இருக்கிறது. இவள் மேசைமேல் சீட்டு வைக்கிறாள்: ‘நேற்றும் மூன்று தட்டு வைத்திருக்கிறீர்கள். 9.’

ஜூன் 17, புதன்

விடுதியிலிருந்து உறை. உள்ளே இரண்டு தாள்.

ஒன்று, விடுதிக் காப்பாளருக்கு ஒரு விண்ணப்பம். மாதம் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவார்களாம். வந்து அழைத்துப் போகிறவர் கையெழுத்திட்டு முன்கூட்டியே கடிதம் கொடுக்க வேண்டும். அவளே தன் கையெழுத்தில் எழுதி முடித்திருக்கிறாள், நான் கையெழுத்துப் போட்டால் போதும். விடுநர், பெறுநர், பொருள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’. அதற்குக் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே:

‘தந்தை (2)’

இன்னொரு தாள் எனக்கு. ‘காப்பாளர் கேட்டாங்க, இது என்ன ரெண்டுன்னு. பதவி ஒண்ணுதான், அதிகாரமும் சமம், நாற்காலி மட்டும் வேறன்னு சொன்னேன். ஒண்ணாவது ஆளும் சரின்னு சொல்லிட்டார், சிரிச்சார். பஸ் நேரம் எழுதின சீட்டு கிடைச்சுது. அதுக்கப்புறம் ரெண்டு வாரமா ஒரு கடுதாசிகூட இல்ல. ஊருக்கெல்லாம் எழுதறீங்க இல்ல? 9.’

இவள் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தாள். “கையெழுத்துப் போடுங்க, தபால் எடுக்கிற நேரம் ஆகுது” என்றாள்.

போட்டேன். எத்தனையோ கடிதங்களுக்கு அடுத்தவர்கள் கையெழுத்துக்கு இடம் விட்டு எழுதியிருக்கிறேன். எனக்கு ஒருவர் இடம் விட்டு எழுதியது இதுதான் முதல் தடவை. கோட்டுக்கு மேலே, கோணாமல், நிதானமாகப் போட்டேன்.

ஜூன் 19, வெள்ளி

நாளை விடுப்பு வேண்டி இன்று கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம்: மகளை விடுதியிலிருந்து அழைத்து வர. வரைவை வாங்கிப் பார்த்த அக்கா, “அடியில எண்ணே போடலையே நீங்க?” என்றார்.

“எதையாவது போட்டுக்கோங்க” என்று சொல்லிவிட்டு, காலுறை வாங்கக் கடைக்குக் கிளம்பிவிட்டேன். இடது காலுக்கு மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேட்டதற்குக் கடைக்காரர் முறைத்தார். ஆறு ஜோடி வாங்கினேன். பஸ் காலை ஆறு நாற்பதுக்கு.

விடுப்புக் கடிதத்தில் அக்கா என்ன முடிப்பு போட்டார் என்று பார்க்கவில்லை.